கும்மி வரிசையில் ஒரு கோல்ஃப் வீச்சு

நெருப்பெரிச்சல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் மருதாசலம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை செல்லாத்தாளின் வீட்டுக்காரன் பூபாலன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் யாழினியும் முருகன் தயவில் சவுக்கியம். அங்கு தங்கள் சவுக்கியத்தையும், அக்காவின் சவுக்கியத்தையும், முக்கியமாகத் தங்கள் மூக்கின் சவுக்கியத்தையும் அறிய விரும்புகிறோம். வீக்கம் வடிந்துவிட்டதாகக் காதர்பேட்டையில் சொன்னார்கள். கேட்டு மனம் நிறைந்தது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு, அதுவும் ஸ்கூட்டரில் போய்விடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். வேறு வழி வைத்தீர்களா மச்சான்? என் நம்பரில் கூப்பிட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பழனிமலைப் பின்னணியில் நீங்கள் நிற்கும் படம் போய் வெறும் சாம்பல் வட்டம் தெரிகிறது. செல்லாத்தாள் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் அடைத்துவிட்டீர்கள். யாழினி போனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்து, "சாப்ட்டயா கண்ணு?" என்று நீங்கள் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. ஆசையாக நான் போனை வாங்கி "மச்சான்" என்றேன், அவ்வளவுதான், அடுத்து டொக் என்று ஒரு சத்தம். சரி, நேரில் பார்க்கலாம் என்று உங்கள் காதர்பேட்டைக் கடைக்கே வந்தேன். நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே பனியன் பண்டல்களுக்குப் பின்னால் யாரோ உங்கள் குரலில் இருமினார்கள். நான் கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். கூரியர்க்காரர் நீட்டினால் கையெழுத்துப் போட்டு வாங்கத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். ஆவணியில் யாழினிக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் பக்கத்தில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? சொந்தபந்தம், ஒறம்பறையெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். நேற்று முகூர்த்தப் புடவை எடுக்கப் போகலாம் என்று கிளம்பினோம். யாழினி செருப்புப் போட்ட காலோடு வாசலில் நின்றுகொண்டு, "மாமன் வராத கல்யாணம் எனக்கு வேண்டாங்கப்பா. நீங்களே போய்ப் புடவை எடுத்துக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு இந்த உலகத்தில் இப்போது வேறு கவலையே கிடையாது. உங்களை அந்த மணவறைக்குக் கொண்டுவந்து நிறுத்தாமல் ஓயமாட்டேன் என்று உறுதி எடுத்திருக்கிறேன். எனவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் கோல்ஃப்தான் காரணம் என்று ஊரே பேசுகிறது. முழுக்கப் படித்த பிறகு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று நம் கோயமுத்தூர்ச் சம்பந்தி என் தோளில் கை போட்டு, "ஞாயித்துக்கெழமை காலைல கோல்ஃப் கிரவுண்டுக்குச் சும்மா வாங்க சம்பந்தி. நாலு அடி அடிச்சுப் பாப்போம், பேசிட்டு இருந்தாப்பலயும் ஆச்சு" என்றார். பெண்ணைக் கொடுக்கிற இடம், வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே அவருடைய கூட்டாளிகள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். என் கையில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து, புல்லின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை வைத்து, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதிதான் என்னைக் கவிழ்த்தது மச்சான். காலையிலிருந்து இரவு வரை பனியன் கம்பெனி மிஷின் சத்தத்தில் இருந்து பழகியவனுக்கு, சத்தமில்லாத இடத்தில் கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஓங்கி ஒரு போடு போட்டேன். புல் ஒரு கை அளவு பெயர்ந்து பறந்தது, பந்து அங்கேயே இருந்தது. இன்னொரு போடு போட்டேன். காற்று மட்டும் வீசியது. மூன்றாவது போட்டில் பந்து கிளம்பியது, ஆனால் முன்னால் போகாமல் பக்கவாட்டில் போய்ச் சம்பந்தியின் கணுக்காலில் பட்டது. அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே சிரித்து, "பலமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. டெம்போதான் இல்லீங்க" என்றார். அவர் கூட்டாளிகள் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அந்தப் பந்தை அவர்கள் கண் முன்னால் நேராக அடித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று வண்டியில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

டெம்போ என்றால் கம்பியைத் தூக்கி இறக்கும் கதி. பந்தை அடிப்பதற்குக் கோயமுத்தூரில் பயிற்சிக் களம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்ந்தேன். சொல்லிக்கொடுக்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க பந்த அடிக்கல, வெரட்டுதீய" என்றார். அப்புறம் விளக்கினார். கம்பியைப் பின்னால் தூக்குவதற்கு மூன்று பங்கு நேரம் ஆக வேண்டுமாம், இறக்குவதற்கு ஒரு பங்கு போதுமாம். தூக்கி முடித்ததும் மேலே ஒரு கணம், நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத மாதிரி ஒரு கணம் இருக்க வேண்டுமாம். பக்கத்தில் தள்ளுகிற அடிக்கும் இதே கதிதானாம், தூரத்துக்கு அனுப்புகிற அடிக்கும் இதே கதிதானாம். "தூரமாப் போகணும்னா வேகம் வேண்டாமுங்களா தம்பி?" என்று கேட்டேன். "வேகத்த நீங்க குடுக்காண்டாம் அண்ணாச்சி, அது தானா வரும்" என்றார். "எங்கூர்ல தானா வர்றது ஒண்ணுமே கெடையாதுங்க" என்றேன். உண்மைதானே மச்சான்? ஷிப்மென்ட் என்றைக்காவது தானாகப் போயிருக்கிறதா? சாயம் போட டையிங்குக்குப் போன துணி தானாக வந்திருக்கிறதா? நம் ஊரில் ஒருவனை நிதானமானவன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். முப்பது வருஷமாக அவசரத்தையே தொழிலாகச் செய்தவனை, மேலே ஒரு கணம் நில் என்றால் எப்படி நிற்பான்? கம்பி மேலே போவதற்குள்ளேயே என் கை கீழே இறங்கக் கிளம்பிவிடும். தம்பி விடாமல் பழக்கி, எப்படியோ அரைக் கணம் நிற்கவைத்தார்.

ஆனாலும் விட்டேனா? நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று கம்பெனியிலேயே இறங்கினேன். எங்கள் யூனிட்டில் டெய்லர்களுக்கு நேரம் பார்க்கிற கவிப்பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள், படித்த பிள்ளை, கையில் எப்போதும் ஸ்டாப்வாட்ச். ஒரு டி-ஷர்ட்டைத் தோள், காலர், கை, சைடு, பாட்டம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் இத்தனை நொடி என்று போர்டில் எழுதிவிடுவாள். அவளைக் கூப்பிட்டு, என் வீச்சையும் அதே மாதிரி பிரித்துக் கொடு என்றேன். "சார், வேலையப் பங்கு பிரிச்சு லைன் பேலன்ஸ் பண்ணனும்னா பத்து ஆள் வேணுமுங்க சார், இங்க நீங்க ஒரே ஆளுதான இருக்கறீங்க?" என்றாள். "பரவால்ல பண்ணும்மா" என்றேன். செய்தாள். பந்திலிருந்து முழங்கால் வரை ஒரு ஆபரேஷன், முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஒன்று, இடுப்பிலிருந்து தோள் வரை ஒன்று என்று பிரித்து, என்னை நாள் முழுக்கக் கட்டிங் ஹாலில் வீசவைத்து, கடைசியில் அறிக்கை கொடுத்தாள். "எல்லாம் ஓகே சார். மேல போயிச் சித்தெ நேரம் நிக்கறீங்க பாருங்க, அதுல வேலையே நடக்கறதில்லீங்க. அது வேஸ்ட் டைம். அதைக் கட் பண்ணிட்டா எபிசியன்சி ஏறிக்குமுங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலே நிற்கிற கணத்தை அடியோடு எடுத்துவிட்டோம். எந்த ஒன்றுக்காகக் கோயமுத்தூர் போய்வந்தேனோ, அதையே வீண் என்று கணக்குப் போட்டு வெட்டிவிட்டோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன் பலனை உடனே அனுபவித்தேன். பந்து தப்பிப் போகாமல் இருக்கக் சாயம் போடாத கோராத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டு அடித்தேன். எபிசியன்சி ஏறிய வீச்சில் பந்து திரைக்கு மேலே போய் டியூப்லைட்டை உடைத்து, அங்கிருந்து அயனிங் டேபிளில் குதித்து, டீ கொண்டுவந்த தட்டில் போய் விழுந்தது. செக்கிங் செக்‌ஷன் தேஜஸ்ரீ, துணியில் டேமேஜ் இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவாளே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதை என் முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஒட்டி, "இங்கெல்லாம் கோணுதுங்க சார்" என்றாள். அதைப் பிய்க்க மறந்து அப்படியே பாங்குக்குப் போய்விட்டேன். ஒடிசா டெய்லர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆராம் சே, சேட், ஆராம் சே" என்பார்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். வீட்டில் உங்கள் தங்கை, "ஏனுங்க, அந்தப் பந்து உங்களை என்னதானுங்க பண்ணுச்சு? அது பாட்டுக்குச் செவனேன்னுதான கெடக்குது?" என்று கேட்டாள். யார் என்ன சொன்னாலும் நான் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று வீசுவதை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள் மச்சான். எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் சாயங்காலம் சாயங்காலம் நீங்கள் வந்து வள்ளி கும்மி சொல்லிக்கொடுக்கிறீர்களே, அதற்கு உங்கள் தங்கை போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மழை வருகிற மாதிரி இருந்ததால் குடையோடு ஓரமாக நின்றேன். நீங்கள் மைக்கில் பாட ஆரம்பித்தீர்கள். மேளம் அடித்தது. வரிசையாக நின்ற அத்தனை பேரும் மூன்று அடி எடுத்து வைத்து, உடம்பைச் சாய்த்து, ஒரு கணம் நின்று, ஒரே தட்டாகத் தட்டினார்கள். மறுபடியும் மூன்று அடி, ஒரு கணம், ஒரு தட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திருநெல்வேலித் தம்பி படித்துப் படித்துச் சொன்னதை எங்கள் ஊர்ப் பெண்கள் பேரன் பேத்திகளோடு நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள்! யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை, யாரும் பின்தங்கவும் இல்லை. நான் குடையைத் தலைகீழாகப் பிடித்து, உங்கள் பாட்டோடு சேர்த்து மெல்லத் தூக்கினேன். மூன்று அடிக்குத் தூக்கி, அந்த ஒரு கணத்துக்கு மேலே விட்டு, தட்டுக்கு இறக்கினேன். குடை 'விர்' என்றது. அதுவரை என் கையில் எந்தக் கம்பியும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் சாமி வந்துவிட்டதென்று திருநீறு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

மறுநாளே கும்மியில் சேர வந்தேன். உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! "மாப்ள, இத்தனை வருசமா நானுந்தான் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தனுங்க. இன்னைக்கு முருகனே கூப்ட்டுட்டானுங்க" என்று சொல்லி, உங்கள் கையாலேயே எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டீர்கள். என்னைக் கூப்பிட்டது முருகன் இல்லை, கோல்ஃப் பந்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு வாய் வரும்? அப்புறம் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். ஒரு அடிகூட ஒழுங்காக வைக்கத் தெரியாத என்னைக் கொண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்தினீர்கள். ஏனென்றால் நான் தங்கை வீட்டுக்காரன். மாப்பிள்ளையைப் பின் வரிசையில் நிறுத்துவது நம் வழக்கத்திலேயே இல்லை. பந்தியில் முதல் இலை போடுகிற மாதிரி கும்மியிலும் முதல் வரிசை கொடுத்தீர்கள். நடந்ததற்கு எல்லாம் காரணம் அந்த மரியாதைதான் மச்சான். நீங்கள் மட்டும் என்னைக் கடைசி வரிசையில் தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் போட்டுக்கொண்டிருப்போம்.

நடுவில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். பயிற்சிக் களத்தில் உங்கள் பாட்டை முனகிக்கொண்டே அடித்தேன். பந்து நேராக, ஊசியில் நூல் கோத்த மாதிரி போனது. "அண்ணாச்சி, என்னத்தையோ முனங்குதீயளே, இங்லீஷ் பாட்டா?" என்றார் தம்பி. "வள்ளி பாட்டு" என்றேன். சம்பந்தி கிரவுண்டிலும் போய் அடித்தேன். அதே கூட்டாளிகள், அதே தொப்பி. பந்து போன திசையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள், இந்தத் தடவை முகத்தை மறைக்க இல்லை. சம்பந்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கோச்சுங்க சம்பந்தி?" என்று கேட்டார். "எங்க மச்சாந்தானுங்க" என்று சொன்னேன். பொய் இல்லையே அது? உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவர் நம் கும்மி அரங்கேற்றத்துக்கே குடும்பத்தோடு வந்தார்.

இனி அரங்கேற்றம். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மைதானம் நிறையக் கூட்டம். பச்சைப் புடவையும் பட்டு வேட்டியுமாக நாம் எல்லோரும் வரிசையில். சம்பந்தி குடும்பம் முன்னால் நாற்காலியில். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு எல்லாம் நான் ஒரு தப்பும் பண்ணவில்லை, அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டுகிற பாட்டு வந்தது. மேளம் ஏறியது. மூன்று அடி எடுத்து வைத்தேன். அந்த ஒரு கணம் வந்தது. அப்போது பார்த்து முன்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் கை இரண்டும் தாமாகவே ஒன்றாகக் கோத்துக்கொண்டன மச்சான். தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல், இடுப்பைத் திருப்பி, முழு வீச்சாக வீசிவிட்டேன். அவ்வளவு சுத்தமான வீச்சு என் வாழ்க்கையிலேயே வந்ததில்லை, பந்து ஒன்றுதான் இல்லை.

அதோடு போயிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் கும்மியில் பின்னால் இருக்கிறவர்கள் முன்னால் இருக்கிறவரைப் பார்த்துத்தானே ஆடுவார்கள்? ஆசிரியருடைய மாப்பிள்ளை, முதல் வரிசைக்காரர், அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்த புது அடியாக இருக்கும் என்று நினைத்து இரண்டாம் வரிசையும் கையைக் கோத்து ஒரு வீச்சு வீசியது. அதைப் பார்த்து மூன்றாம் வரிசை. அப்படியே அலை அலையாகப் போய், கடைசி வரிசைப் பிள்ளைகள் வரைக்கும், மைதானம் முழுக்க எல்லோரும் இடுப்பைத் திருப்பி இல்லாத பந்தை அடித்து, எங்கே போய் விழுந்தது என்று தூரத்தில் வேறு பார்த்தார்கள். அதுவும் என்னிடமிருந்து கற்றதுதான். உங்கள் தங்கைகூட அடித்தாள், அதை இப்போது இல்லை என்கிறாள். நீங்கள் பாடிக்கொண்டே மைக்கோடு என்னை நிறுத்த ஓடிவந்தீர்கள். மேளம் நிற்கவில்லை, அதனால் என் கையும் நிற்கவில்லை. அடுத்த வீச்சு முடிகிற இடத்தில் மைக் இருந்தது, மைக்குக்குப் பின்னால் உங்கள் மூக்கு இருந்தது. 'டொம்' என்ற சத்தம் நெருப்பெரிச்சல் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. சனம் கிளி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டியது.

வீடியோ எடுத்தவன் நாசமாகப் போக. காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வந்த கல்கத்தா வியாபாரிகள்கூட உங்கள் கடையிலேயே உட்கார்ந்து, அது நீங்கள்தான் என்று தெரியாமல், உங்களிடமே அதைக் காட்டிச் சிரித்தார்களாமே. நீங்கள் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த கும்மி அது. பட்ட அடியைவிட சனம் சிரித்ததுதான் உங்களுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "சாமி பாட்டுல வந்து வெளையாண்டுட்டீங்களே மாப்ள. இனி உங்க ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கறதில்லீங்க" என்றீர்கள். அவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' குறைக்கவில்லையே மச்சான். நாலு பேர் முன்னால் என்னை நாயே பேயே என்று திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த 'ங்க'வை நினைத்து நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, இப்போது என் முடிவைச் சொல்கிறேன். கோல்ஃபை விட்டுவிடுகிறேன் என்று எழுதினால் உங்கள் மனம் குளிரும். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், விடப்போவதில்லை. கும்மியையும் விடப்போவதில்லை. உங்கள் பாட்டைத் திருட வந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வந்த இடத்தில் பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஊர் அரங்கேற்றத்தில் என்னைக் கடைசி வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு ஈ காக்காய்கூட இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். மாப்பிள்ளை மரியாதை எனக்கு வேண்டாம், எழுதியே கொடுக்கிறேன். ஆனால் யாழினிக்கு மாமன் மரியாதை வேண்டும். அந்தப் பட்டத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும், வேறு ஒரு கை அவள் நெற்றியில் படக்கூடாது. அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைவிட முன்னால் நின்று கையில் வாங்கியது நீங்கள். நான் அன்றைக்கும் ஒரு ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

இதில் அவசரம் ஒன்றும் இல்லை மச்சான். இந்த விளையாட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். இப்போதெல்லாம் டீயை ஆற்றிக் குடிக்கிறேன். புஷ்பா தியேட்டர் சிக்னலில் ஹாரன் அடிப்பதில்லை. சரக்கு வாங்குகிற பையர் போனில் கத்தினால்கூட, ஒரு கணம் நின்று அப்புறம்தான் நானும் கத்துகிறேன். கோபமும் அப்படித்தான். அது ஏறுகிறபடி ஏறட்டும், மேலே கொஞ்ச நேரம் நிற்கட்டும், பிறகு தானாக இறங்கும், இடையில் கை வைத்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே நாளைக்கு இதைக் கூரியரில் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் ஆகட்டும், ஒரு மாதம் ஆகட்டும். கூப்பிட மாட்டேன், கடைப் பக்கம் வரமாட்டேன், ஆள் அனுப்ப மாட்டேன். நீங்களாக மனம் வந்து பதில் எழுதுகிற வரைக்கும் இருக்கிற இடத்தை விட்டு அசைவதில்லை என்று உறுதியாக இருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், அவர் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்ட செய்தியையும் சொல்லவும். உங்கள் குரலுக்கும் மூக்குக்கும் எந்தக் குறையும் வராமல் சென்னிமலையான் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் பதிலுக்கு நிதானமாகக் காத்திருக்கும்,
மாப்பிள்ளை பூபாலன்.

பின்குறிப்பு: நிதானத்தைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டு உறையில் போட்டேன். நாளை வரைக்கும் இதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. இப்போது உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் தங்கை ஆட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டாள். யாழினியும் வந்திருக்கிறாள், வெயிலில் நிற்கிறாள், நிழலுக்குப் போ என்றால் மாட்டேன் என்கிறாள். கேட்டுக்கு அடியில் உங்கள் கால் இரண்டும் தெரிகிறது மச்சான், நீங்கள் வந்து நின்று ரொம்ப நேரம் ஆகிறது. கடிதத்தை அந்தச் சந்திலேயே உள்ளே தள்ளுகிறேன். படித்து முடித்ததும் திறங்க. படிக்காவிட்டாலும் திறங்க.